ஃப்ரிட்ஜ் மேல் இருந்த டப்பா

பிரவீண்,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கென்று முறுக்கு வாங்கி வைக்காதே.

போன வாரம் நீ போனில் பேசும்போது, மேடவாக்கத்துக் கடைக்குப் போர்டு மாட்டியாகிவிட்டது, கண்ணாடி அலமாரி வந்து இறங்கிவிட்டது, பத்தரை மணிக்குத் திறப்பு என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாய். கடைசியில், "நீ வந்து நின்னா போதும்மா. கேக் சாப்பிடணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. உனக்குன்னு தனியா கை முறுக்கு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாய். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை வேலைக்கு நடுவில் பிள்ளை என் வாய் ருசியை நினைத்துப் பார்க்கிறானே என்று உன் அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். நடுவில் ஒரு சனிக்கிழமை வந்து போயிற்று. இன்னும் கடையிலிருந்து வாங்கியே வராத அந்த முறுக்கு இப்போதே என் தொண்டையில் நிற்கிறது. போனில் சொல்லிவிடலாம் என்று நேற்று கூப்பிட்டேன். பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம். "சீக்கிரம் சொல்லும்மா" என்றாய். இது சீக்கிரம் சொல்கிற சமாச்சாரம் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்கு எழுதினால்தான் கோர்வையாக வரும். ஆகவே நீ ஓவனை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்து படி.

உனக்குத் தெரியாமல் இரண்டு மாதமாக நானும் உன் அப்பாவும் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலமானால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கேக் தின்னக் கிளம்பிவிடுகிறோம். சிரிக்காதே. தின்பது நான் மட்டும்தான். உன் அப்பாவுக்குச் சுகர் இருப்பதால் வண்டி ஓட்டுவதும் வேடிக்கை பார்ப்பதும் அவர் வேலை, மிஞ்சிப் போனால் விரல் நுனியில் ஒரு பொட்டு க்ரீம். ஏன் இந்தக் கூத்து என்று கேட்பாய். சிறுசேரி ஐ.டி. வேலையை விட்டுவிட்டேன் என்று நீ வந்து நின்ற அன்றைக்கு, "கேக் சுடறதுக்கா நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சே?" என்று கத்தியவள் நான். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். அந்தக் கேள்வி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தக் காகிதக் கிண்ணத்துக்குள்? நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது எனக்கு. தவிர, கடைத் திறப்புக்கு நாலு பேர் வருவார்கள். அவர்கள் முன்னால் "ஏதோ கேக்குங்க" என்று முழித்துக்கொண்டு நிற்க எனக்குச் சம்மதமில்லை. பிராக்டிகல் வகுப்புக்கு வாங்கி மிஞ்சிப்போன நோட்டு ஒன்று கிடந்தது. அதில் கோடு போட்டு, கடை, ருசி, பதம், க்ரீம் என்று பிரித்து, பக்கத்தில் பத்துக்கு மார்க் போட ஒரு கட்டம் வைத்தேன். சிவப்புப் பேனாவும் கையோடு எடுத்துக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை தூரம் போகவில்லை. தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே, உனக்குத் தேங்காய் பன் வாங்கித் தருவோமே, அந்த பேக்கரிதான். அங்கே கப் கேக் கேட்டேன். ஒன்றைக் காகிதத்தில் வைத்து நீட்டினார்கள். மஞ்சள் கேக், உள்ளே சிவப்பும் பச்சையுமாய்ப் பழத் துண்டு, மேலே வெள்ளை க்ரீம் சுருள். எந்தப் பக்கத்திலிருந்து கடிப்பது என்று தெரியவில்லை. மேலே கடித்தால் மூக்கில் க்ரீம், பக்கவாட்டில் கடித்தால் பாதி புடவையில். உன் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. பக்கத்துத் தட்டில் ஹனி கேக் இருந்தது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன். "தம்பி, இதுல தேன் எங்க இருக்கு?" அந்தத் தம்பி, "பேருதான் மேடம் ஹனி கேக்கு. உள்ள எப்பவும் சக்கரைப் பாகுதான்" என்றான். நான் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்ததும் அவன் முகம் மாறிவிட்டது. "மேடம், ஃபுட் சேஃப்டிலேர்ந்து வர்றீங்களா? ஓனர் இப்பதான் டீ குடிக்கப் போனாரு, உக்காருங்க மேடம்" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். இல்லை என்று சொல்லச் சொல்ல நம்பவில்லை. வெளியே வந்ததும் உன் அப்பா, "இனிமே எல்லாக் கடையிலயும் அந்த நோட்டை முதல்ல காட்டிடு" என்றார். அந்தக் கேக்குக்கு ஐந்து மார்க் போட்டேன். இப்போது யோசித்தால் ஆறு போட்டிருக்கலாம். தின்னத் தெரியாதது என் குற்றம், கேக்கின் குற்றம் இல்லை.

தின்னக் கற்றுக்கொண்டது காட்டாங்குளத்தூரில். காலேஜ் பிள்ளைகள் மொய்க்கிற ஒரு சின்னக் கடை. நடுவில் நாங்கள் இரண்டு பேர்தான் நரை. மெனுவில் இருந்த பாதிப் பெயர் எனக்கு வாயில் நுழையவில்லை. சிவப்பாக ஒன்றைக் காட்டி வாங்கினேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண் நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "ஆன்ட்டி, பேப்பரை உரிச்சிடுங்க. கீழ் பாதியைப் பிச்சு, க்ரீம் மேல மூடிடுங்க. சாண்ட்விச் மாதிரி ஆயிடும். இப்ப கடிங்க" என்றாள். செய்தேன். மூக்கு தப்பித்தது! ஒவ்வொரு வாயிலும் கேக்கும் க்ரீமும் சமமாக வருகிறது. எவ்வளவு எளிய யோசனை, எவள் கண்டுபிடித்தாளோ, அவளுக்கு ஒரு சல்யூட். அதே சூட்டில், "இது ஏம்மா சிவப்பா இருக்கு? சிவப்புக்குன்னு ஒரு ருசி இருக்கா?" என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியல ஆன்ட்டி. அழகா இருக்குல்ல?" என்றாள். வகுப்பில் ஒரு பிள்ளை இப்படிப் பதில் சொல்லியிருந்தால் எழுப்பி நிற்க வைத்திருப்பேன். அன்றைக்கு அதைவிட நல்ல பதில் எனக்கும் தெரியவில்லை. எட்டு மார்க்.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு கேக் கடைக்குப் போனேன் என்று படித்தபோதே உனக்குச் சுருக்கென்றிருக்கும். எனக்குத் தெரியும். நீ ஒன்பதாவது படிக்கும்போது அறிவியலில் முப்பத்தெட்டு வாங்கினாய். அறிவியல் டீச்சர் பிள்ளை. வீட்டில் காட்டப் பயந்துகொண்டு, ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் என் கையெழுத்தை நீயே போட்டாய். முதலெழுத்தின் சுழி, கடைசியில் நீண்டு போகிற வால், அதன் கீழே இரண்டு கோடு, இரண்டு புள்ளி, ஒன்றும் குறையவில்லை. என்னுடையதைவிட அழகாக இருந்ததால்தான் உன் கிளாஸ் டீச்சருக்குச் சந்தேகமே வந்தது. அன்றைக்கு நான் உன்னை மர ஸ்கேலால் அடித்தேன். ஸ்கேல் உடைகிற வரைக்கும் அடித்தேன். மார்க்குக்காக அடிக்கவில்லை, ஊரார் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்ற கோபத்தில் அடித்தேன், அது இன்னும் கேவலம். நீ அழவில்லை. "இனிமே உன் கையெழுத்தைப் போட மாட்டேம்மா" என்று மட்டும் சொன்னாய். அதை நான் ஒருநாளும் உன்னிடம் பேசியதில்லை. தப்பு என்னுடையது, பிரவீண். அடித்த கைக்கு மன்னிப்புக் கேட்க இத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டாம்.

இன்னொன்று, நம் வீட்டு டப்பா வழக்கம். உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் என் வாயால் சொன்னால்தான் என் புத்தி எனக்கே புரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஸ்வீட் டப்பா கொண்டுவருவார்கள். நாம் பிரிக்க மாட்டோம். ஜரிகை எலாஸ்டிக்கைக்கூடத் தொடாமல் அது நேரே ஃப்ரிட்ஜ் மேலே ஏறிவிடும். அடுத்த வீட்டு விசேஷம் வரும்போது அங்கிருந்து இறங்கி, அப்படியே என் பையில் போய், அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலே ஏறும். தாம்பரத்தில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. நாம் கொடுத்த டப்பாவே ஊர் சுற்றி நம்மிடம் திரும்பி வந்து, உன் அப்பா அதன் மூலையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்துக் கண்டுபிடித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? நான் அதைச் சாமர்த்தியம் என்று நினைத்தேன். ஸ்வீட் என்றால் வெறும் சக்கரை, அதைப் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது என்பது என் கட்சி. உள்ளே யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறைகூட எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்குத் தவளையை அறுத்துக் காட்டியவள், ஒரு அட்டை டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை.

அந்த 'வெறும் சக்கரை'க்கு எனக்கு நல்ல பாடம் கிடைத்தது பெரும்பாக்கத்தில். உன் அப்பாவுக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர், தன் பிளாக்கில் செல்வி என்று ஒரு பெண் பிரமாதமாகக் கேக் போடுகிறாள் என்றார். ஹவுசிங் போர்டு அடுக்குமாடி, ஏழாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. நான் இரண்டு மாடிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினேன். செல்விக்கு ஓவன் கிடையாது. இட்லிக் குண்டானுக்கு அடியில் கல் உப்பைப் பரப்பிச் சூடு பண்ணி, சின்ன எவர்சில்வர் கிண்ணங்களுக்குள் காகிதக் கப்பை வைத்து, தட்டு தட்டாக இறக்குகிறாள். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உப்பு எதற்கு, எவ்வளவு நேரம், நடுவில் திறந்தால் என்ன ஆகும் என்று துளைத்துவிட்டேன். "இன்னாம்மா இவ்ளோ கேள்வி கேக்கற? நீயும் கடை போடப் போறியா?" என்றாள். சுடச்சுட ஒன்றைக் கையில் வைத்தாள். க்ரீம் இல்லை, அலங்காரம் இல்லை, ஏலக்காய் வாசனை மட்டும். பஞ்சு மாதிரி இருந்தது. நான் வாய் சும்மா இருக்காமல், "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா என்ன இருந்தாலும் வெறும் சக்கரைதானே?" என்றேன். அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "படிச்ச அம்மா மாறி கீற, இன்னா இப்டி சொல்ற? எங்க வூட்டுக்காரருக்கு சுகருன்னு ஒருவாட்டி சக்கர போடாம பண்ணேன். சாயங்காலத்துக்குள்ள செங்கல்லு கணக்கா ஆயிடுச்சி. உள்ள கீற ஈரத்த சக்கரதாம்மா புடிச்சி வெச்சிகினு கீது. நீ இன்னா, இனிப்புக்கு மட்டும்னு நெனச்சிகினியா?" என்றாள். சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் என்று முப்பத்திரண்டு வருஷம் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். கேக்கில் அதுதான் நடக்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. பத்துக்குப் பத்து போட்டேன். நோட்டைப் பார்த்துவிட்டு, "பத்து போட்டியா? சரி, இன்னொண்ணு துன்னு" என்றாள்.

நீ இதற்குள், அம்மா ஜாலியாக ஊர் சுற்றியிருக்கிறாள், பிறகு எதற்கு முறுக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள் என்று நினைப்பாய். வருகிறேன். போன சனிக்கிழமை சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு கேக் கடைக்குப் போனோம். உள்ளே எஸ்தர் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். என்னோடு வேலை பார்த்தாரே, தமிழ் டீச்சர், அவரேதான். அவர் ரிட்டயர் ஆன பிறகு அன்றைக்குத்தான் பார்க்கிறேன். என்னைக் கண்டதும் வாயெல்லாம் சிரிப்பு. "நீங்களா? கேக் கடையிலயா? நம்ப முடியலையே டீச்சர்" என்றார். நான் உன் கடையைப் பற்றிச் சொன்னேன். அவர் கையைத் தட்டினார். "நான் அன்னைக்கே நெனச்சேன். எங்க புது வீட்டு பிரதிஷ்டை ஜெபத்துக்கு நீங்க கொண்டாந்தீங்களே ஆறு கப் கேக்கு, உங்க பையன் பண்ணினதுதானே அது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கொண்டுபோனது ஃப்ரிட்ஜ் மேலிருந்த ஏதோ ஒரு டப்பா. "கப் கேக்கா? மைசூர்பாகா இருக்கும் டீச்சர், நீங்க வேற யாரையோ நெனச்சிட்டீங்க" என்றேன்.

"என்ன டீச்சர் இப்படிச் சொல்றீங்க? டப்பாதான் ஸ்வீட் டப்பா. உள்ள கேக்கு. அஞ்சு கேக்கு மேல சிவப்பு க்ரீம்ல ஒரு டிக் மார்க். ஆறாவதுல மட்டும் டிக் இல்ல, உங்க கையெழுத்து. நீளமா வாலு, ரெண்டு கோடு, ரெண்டு புள்ளி. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல தெனம் பாத்த கையெழுத்தாச்சே, எனக்குத் தெரியாதா? வந்தவங்க எல்லாரும் சிரிச்சு ரசிச்சோம். டிக் போட்டதெல்லாம் அன்னைக்கே காலி. கையெழுத்துப் போட்டதை மட்டும் வெட்ட மனசு வராம மூணு நாள் வெச்சிருந்தோம். அப்புறம் எறும்பு வந்துருச்சு."

பிரவீண், என் கையெழுத்தை அப்படிப் போடத் தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருத்தன்தான். நான் எஸ்தர் டீச்சரிடம் உண்மையைச் சொல்லவில்லை. "ஆமா டீச்சர், அவன் பண்ணினதுதான்" என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கு எந்தக் கேக்கும் தின்னவில்லை.

வழியெல்லாம் எனக்கு அந்த டப்பாவைக் கொண்டுபோன நாளில் நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நீ பிளஸ் டூ. அன்றைக்கு ஆசிரியர் தினம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொடுத்த ரோஜாவும் பேனாவும் பை நிறைய. களைத்துப்போய் வந்தேன். நீ வீட்டில் இல்லை, ஃப்ரிட்ஜ் மேலே ஒரு டப்பா இருந்தது. ஏதோ பெற்றோர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவு பண்ணிவிட்டேன், அந்த நாளில் அப்படி வருவது சகஜம்தானே. முகம் கழுவிப் புடவை மாற்றி, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு எஸ்தர் டீச்சர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். திரும்பி வந்தபோது நீ ஹாலில் உட்கார்ந்திருந்தாய். "அம்மா, ஃப்ரிட்ஜ் மேல இருந்த டப்பா எங்க?" என்றாய். குடுத்துட்டேன் என்றேன். "தெறந்து பாத்தியா?" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியாமலா இருக்கும். "தெறந்து பாக்க அதுல என்ன இருக்கப் போகுது, வெறும் சக்கரை. பதினேழு வயசாகுது, இன்னும் ஸ்வீட்டுக்கு அலையறியே, வெக்கமா இல்ல?" நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "சரிம்மா" என்றாய். உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாய். நான் வரும்போது நீ வீட்டில் இல்லாதது, எனக்குக் காபி போடப் பால் வாங்கப் போயிருந்ததால்தான். அந்தக் காபியையும் நான் சக்கரை தூக்கல் என்று குறை சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போகாமல் நேரே கீழ் வீட்டு நூர்ஜஹான் கதவைத் தட்டினேன். அந்தக் காலத்தில் நம் கட்டடத்தில் ஓவன் இருந்த ஒரே வீடு அதுதான். கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். "ஆமா டீச்சர், எங்க வீட்லதான் பண்ணினான். மொத ஈடு கருகிப் போச்சு. ரெண்டாவது ஈட்ல ஆறு தேறிச்சு. டிக் எல்லாம் சட்டுனு போட்டுட்டான், உங்க கையெழுத்துக்குத்தான் முக்கா மணி நேரம். நியூஸ் பேப்பர் மேல க்ரீமால போட்டுப் போட்டுப் பழகினான். நடுவுல ஒருதரம், 'அக்கா, அம்மா அடிப்பாங்களா?'ன்னு கேட்டான். 'கேக்குல போட்டா யாருடா அடிப்பா'ன்னேன். மறுநாள், அம்மாவுக்குப் பிடிச்சுதான்னு கேட்டேன். ரொம்பப் பிடிச்சுதுன்னான்."

ரொம்பப் பிடித்ததாம். படுபாவி! உனக்கு அத்தனை வயசில் அத்தனை பெரிய பொய் சொல்ல எப்படி வந்தது? என்னைக் காட்டிக் கொடுக்காமல் இருக்கத்தானே? நான் நூர்ஜஹான் வீட்டுச் சோபாவிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் பாவம், என்னவோ ஏதோ என்று பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். உன் அப்பா வாசலிலேயே ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் இப்போது வரிசையாக அடுக்கிப் பார்க்கிறேன். சிறுசேரி வேலையை விட்டு நீ ஹோட்டல் கிச்சனில் சேர்ந்த பிறகு ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேக் கொடுத்திருக்கிறாய். நூர்ஜஹான் பேத்திக்குப் பிறந்த நாள் கேக். உன் அப்பா ஆபீஸ் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக். நான் ரிட்டயரான அன்றைக்குக்கூட ஸ்டாஃப் ரூமுக்கு இரண்டடுக்குக் கேக் அனுப்பினாய். அதோடு என் பெயர் எழுதி ஒரு தனிப் பொட்டலம் வந்தது. உள்ளே வெஜிடபிள் பப்ஸ். "அம்மாவுக்கு ஸ்வீட் பிடிக்காது" என்று நீ சொல்லி அனுப்பியதாக டெலிவரி ஆள் சொன்னான். என் பிள்ளை எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறான் என்று நான் ஸ்டாஃப் ரூம் முழுக்கப் பெருமையடித்தேன். பன்னிரண்டு வருஷம், பிரவீண். நீ செய்த ஒரு கேக்கைக்கூட நான் தின்றதில்லை. ஊரெல்லாம் சுற்றி யார் யாரோ செய்த கேக்குக்கு மார்க் போட்டிருக்கிறேன், என் பிள்ளை செய்தது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஏன்டா ஒரு வார்த்தை சொல்லவில்லை? "அது நான் பண்ணினதும்மா, உனக்குத்தாம்மா" என்று அன்றைக்கே கத்தியிருந்தால் அப்போதே எஸ்தர் டீச்சர் வீட்டுக்குத் திரும்பி ஓடியிருப்பேன். வெட்கத்தை விட்டுக் கேட்டு வாங்கி வந்திருப்பேன். மூன்று நாள் அந்தக் கேக் அங்கே உட்கார்ந்திருந்ததாமே! முக்கால் தப்பு என்னுடையது, கால் தப்பு உன்னுடையது. கடை வைக்கிறாய், நாளைக்குக் கல்யாணம் குடும்பம் என்று ஆகும். 'சரிம்மா' என்று விழுங்குகிற இந்தப் பழக்கத்தை வைத்துக்கொள்ளாதே. வலித்தால் கத்து. எதிரில் இருப்பவள் என்னை மாதிரி மரமண்டையாக இருந்தாலும் கத்தினால் காதில் விழும். இன்னொன்றும் செய். உன் கடையில் வாங்குகிறவர்களிடம், இதை யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவரை உங்கள் முன்னாலேயே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்று சொல்லு. டப்பா போய்ச் சேருகிறவள் என்னை மாதிரி ஒருத்தியாக இருக்கலாம்.

நேற்று ஃப்ரிட்ஜ் மேலே இருந்ததையெல்லாம் இறக்கினேன். மூன்று டப்பா இருந்தது. மூன்றையும் பிரித்தேன். ஒன்றில் லட்டு, ஒன்றில் காய்ந்துபோன பாதுஷா. மூன்றாவதில் அதிரசம், அதற்கு மேல் உன் பெரியப்பா பெண் தன் கையால் எழுதின சீட்டு, "சித்தி, முதல் தடவையா பண்ணேன், எப்படி இருக்குன்னு சொல்லுங்க." தீபாவளிக்கு வந்த டப்பா அது. அவளுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒன்றும் புரியாமல், "பரவால்ல சித்தி, பரவால்ல" என்றாள். இன்னும் எத்தனை சீட்டு எந்த எந்த வீட்டுக்குப் போயிற்றோ, எனக்குத் தெரியாது.

எனவே, ஞாயிற்றுக்கிழமை. முறுக்கை உன் அப்பாவுக்குக் கொடு, அவருக்குத்தான் கேக் ஆகாது. நான் காலையில் காபிகூடக் குடிக்காமல் வருவேன். நாலு பேர் முன்னால் என்னை முதலாவதாக நிற்க வைக்க வேண்டாம், எல்லாரும் வாங்கிப் போன பிறகு கொடுத்தாலும் போதும். எப்படித் தின்ன வேண்டும் என்று எனக்கு இப்போது தெரியும், கீழ் பாதியைப் பிய்த்து மேலே மூடி, சிந்தாமல் தின்பேன். நோட்டைக் கொண்டுவர மாட்டேன், சிவப்புப் பேனாவையும் கொண்டுவர மாட்டேன். எனக்கென்று ஒரே ஒரு கப் கேக் செய்து வை. டிக் மார்க் எல்லாம் வேண்டாம், இத்தனை செய்த எனக்கு எதற்கு டிக்? கையெழுத்து மட்டும் போதும். பன்னிரண்டு வருஷத்தில் உனக்கு மறந்திருக்கலாம் என்று கீழே ஒருமுறைக்கு மூன்று முறை தெளிவாகப் போட்டிருக்கிறேன். சுழி, வால், இரண்டு கோடு, இரண்டு புள்ளி. பார்த்தே போடு. இந்தத் தடவை அடிக்க மாட்டேன்.

உன் அம்மா